கதவை அடைத்தது யார்

நவம்பர் 3, 2019, ஞாயிறு

தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் தீர்ந்துபோனது. வீட்டுக்காரர் இவருக்கு இரண்டு தோசை, எனக்கு நேற்றைய பிரெட். எட்டேகாலுக்கு ஆலயத்தில் இருந்தேன்.

ஞாயிறு பள்ளிக்குப் பதினாறு பிள்ளைகள் வந்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் போதகர் தியோடர் கூப்பிட்டார். ஜூன் மாதம் மாற்றலாகி வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல குரல். எதையும் ஓடிப்போய்ச் செய்கிற சுபாவம். வருகிற டிசம்பர் 26 சுனாமி வந்து பதினைந்து வருஷம். அன்று காலை நன்றி ஆராதனை வைக்கப்போகிறாராம். பிள்ளைகள் நோவாவின் பேழை நாடகம் போடவேண்டும், வாசல் சுவரில் ஒரு கல்வெட்டு திறக்கப்படும், வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிற நான்தான் நாடகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நினைவு ஆராதனை இல்லையா, நன்றி ஆராதனையா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

வாரம் ஆறு நாளும் அரசு மருத்துவமனை மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான். இந்த வளாகத்துக்குள் மட்டும்தான் என்னை டீச்சர் என்பார்கள். அந்த மரியாதைக்காகவே தலையாட்டிவிட்டேன் போலிருக்கிறது.

நவம்பர் 6, புதன்

சிலிண்டர் வந்தது. மருத்துவமனையில் இருமல் மருந்து தீர்ந்துபோய் ஆளாளுக்குத் திட்டு வாங்கினோம்.

நவம்பர் 10, ஞாயிறு

பிள்ளைகளுக்கு ஜலப்பிரளயக் கதையை வாசித்துக் காட்டினேன். கெட்டவர்கள் பெருகியதால் கர்த்தர் வெள்ளத்தை அனுப்பி, நோவாவின் குடும்பத்தை மட்டும் பேழைக்குள் வைத்துக் கதவை அடைத்துக் காப்பாற்றிய கதை. பதினைந்து வருஷமாக இந்த ஒரு பாடத்தை மட்டும் வேறு யாரிடமாவது தள்ளிவிட்டுப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போய்விடுவேன். இம்முறை தப்பிக்க வழியில்லை.

நாலாம் வகுப்பு ஆஷ்லின் கையைத் தூக்கினாள். வெளியே இருந்த கைக்குழந்தைகளும் கெட்டவர்களா என்று கேட்டாள்.

முன்பு இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். சத்தமாகச் சொல்லுவேன், பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். இன்று அதைச் சொல்ல எனக்கு மனசில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, இது போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்த அறிக்கை இல்லை, கதை என்றேன். எந்தக் காலத்திலோ வெள்ளத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்த ஜனங்கள், உயிரோடு மிஞ்சியதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் சொன்னது. கடவுள் இனி நம்மை இப்படி விடமாட்டார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காகச் சொன்னது. செத்தவர்களெல்லாம் கெட்டவர்கள் என்று தீர்ப்பெழுதுவதற்காகச் சொன்னதில்லை.

"அப்ப அது பொய்யா டீச்சர்?" என்றான் ஒருவன்.

நல்ல சமாரியன் கதையை இயேசுவே சொன்னார், அந்தச் சமாரியனுக்கு வீடு எந்தத் தெருவில் என்று கேட்டேன். சிரித்தார்கள். ஆள் இல்லாவிட்டாலும் அந்தக் கதை பொய்யாகுமா என்று கேட்டேன். யோசித்தார்கள். பிள்ளைகள் யோசிக்கிற முகம் அழகாக இருக்கிறது. இத்தனை வருஷம் மனப்பாடம் செய்கிற முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். ஆலயக் கமிட்டிச் செயலாளர் பாக்கியநாதன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பேரனிடம் கேட்டறிந்து போதகரிடம் போயிருக்கிறார். போதகர் மருந்து ஜன்னலுக்கே வந்துவிட்டார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து, வேதத்தைக் கதை என்று சொன்னீர்களாமே என்றார்.

"கதைதான் ஐயா. கதைன்னா பொய்னு நான் சொல்லல."

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் பேசலாம் என்று போய்விட்டார். சாயங்காலம் வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

நாடகப் பிரதியும் கல்வெட்டு வாசகமும் வந்தன. கொண்டுவந்து கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். இவரும் கமிட்டியில் இருக்கிறார். மின்வாரியத்தில் ஃபோர்மேன். தேவநேசன் சார் கை வைத்தால் எந்த ஃபியூஸும் நிற்கும் என்பார்கள். வீட்டில் பேச்சு குறைவு.

கல்வெட்டு வாசகத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"2004 டிசம்பர் 26 அன்று இவ்வாலயத்தில் கூடியிருந்த அறுபத்தொரு பேரையும் கர்த்தர் நோவாவின் குடும்பத்தைப்போல் காத்தருளினார். கர்த்தரே கதவை அடைத்தார். அலைகள் வாசலைத் தொட்டுத் திரும்பின."

நடு வரியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் படித்தீர்களா என்று இவரிடம் கேட்டேன். படித்தாராம். நன்றாகத்தான் இருக்கிறதாம். தண்ணீர் மோட்டாரைப் பார்க்கவேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டார். மோட்டார் மாடியில் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்றோடு கஜா புயல் அடித்து ஒரு வருஷம். பின்பக்கத்துக் கூரை ஷீட்டை இன்னும் மாற்றவில்லை.

ஒரு கதை எப்படி வளர்கிறது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆலயம் மேட்டில் இருக்கிறது. ஊரிலேயே உயரமான இடம் பார்த்துப் பழைய ஆட்கள் கட்டியது. சுனாமி அன்று தண்ணீர் மூன்றாம் படி வரை ஏறியது, நின்றது, இறங்கியது. முதல் வருஷம் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாம் வருஷம், தண்ணீர் முதல் படியைத் தொட்டதும் திரும்பியது என்றார்கள். ஏழாம் வருஷம் அலை வாசலில் மண்டியிட்டது என்று பாட்டே கட்டினார்கள். இப்போது வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் வாசலில் நின்றதாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் இருவர் அன்று ஊரிலேயே இல்லை.

அவர்கள் பொய்யர்கள் இல்லை. பயந்துபோனவர்கள். பயத்தைக் கதையாக்கினால் படுத்துத் தூங்கமுடியும். ஆனால் அதைக் கல்லில் வெட்டி, இதுதான் நடந்தது என்று சொன்னால், கல்லுக்கு வெளியே இருப்பவர்கள் யார்? கடற்கரைத் தெருவில் மட்டும் செத்தவர்கள் நூற்றுக்கும் மேலே.

நவம்பர் 24, ஞாயிறு

நாடகத்தில் ஒரு காட்சி சேர்த்தேன். பேழைக்கு வெளியே நிற்கிற ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்தேன், தொழில் வைத்தேன். ஒருத்தி ரொட்டி சுடுகிறவள், ஒருவன் ஆடு மேய்க்கிறவன். நோவா அவர்களைப் பார்த்து அழவேண்டும்.

நோவாவாக நடிக்கிற ஜெபின் அழுவது எப்படி என்று கேட்டான். தாடி ஒட்டிய பசை பிடித்து இழுத்ததில் தானாகவே கண்ணீர் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் போதகர் நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

மூன்று நாளாக அடைமழை. ஆராதனைக்குப் பாதிப் பேர்தான். முடிந்ததும் கமிட்டி கூடியது. போதகரைத் தவிர ஐந்து பேர். இவர் மேசையின் ஓரத்தில்.

பாக்கியநாதன் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். 'வேதத்தில் எழுதியிருப்பவை அனைத்தும் எழுத்துக்கு எழுத்து நடந்த சரித்திரம் என்று மட்டுமே போதிப்பேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள்.

நான் பேசியதில் பாதி கோபத்தில் மறந்துவிட்டது. நினைவிருப்பதை எழுதுகிறேன். கடவுள் ஒரு கன்மலை என்று பாடுகிறோம், அவரை எந்தக் குவாரியில் வெட்டினார்கள் என்று யாராவது கேட்கிறோமா என்றேன். திராட்சைச்செடி என்கிறோம், வாசல் என்கிறோம், மேய்ப்பன் என்கிறோம். அங்கெல்லாம் உவமை புரிகிறவர்களுக்குச் செத்தவர்கள் வருகிற இடத்தில் மட்டும் ஏன் சரித்திரம் தேவைப்படுகிறது என்றேன்.

போதகர் தியோடர் கோபப்படவில்லை. "டீச்சர், ஒரு செங்கல்ல உருவினா முழுச் சுவரும் விழுந்துடும்னு பயமா இருக்கு" என்றார். மனசிலிருந்துதான் சொன்னார். அதற்காக எனக்கு எரிச்சல் குறையவில்லை.

"செங்கல்ல நான் உருவல ஐயா. அது யார் தலைமேல விழுதுன்னு பாருங்கன்னு சொல்றேன்."

பாக்கியநாதன் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்கம்பி எதுவும் அறுந்துவிடக்கூடாதே என்கிற முகம்.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்கவும் மனசில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து விடுவித்து ஆள்மூலம் கடிதம் வந்தது. அலமாரிச் சாவியை அதே ஆளிடம் கொடுத்தனுப்பினேன். நாடகம் பாக்கியநாதனின் மருமகளிடம் போகிறது. வெளியே நிற்கும் ஐந்து பேரை எடுத்துவிட்டார்களாம்.

நல்ல காய்ச்சல்.

டிசம்பர் 5, வியாழன்

பவுனு ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தாள். கடற்கரைத் தெருவிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தவள். சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுத்தாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். வேதத்தில் இருப்பது நடக்கவில்லை என்று நான் சொல்வதாக எல்லோரும் பேசுகிறார்களே, நிஜமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றேன். அவளுக்குப் பதில் சொல்லவேண்டிய கடன் எனக்கு உண்டு.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. சுனாமி குடியிருப்பில் பவுனு வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. அவள் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள்.

எழுதாமல் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். பெனிட்டா. ஒன்பது வயது. பவுனுவின் மகள் கயல் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வகுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெனிட்டா ஆலயத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். மனப்பாட வசனம் படிக்கவில்லை, நான் எல்லோர் முன்னாலும் நிற்கவைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு நேரமாகிவிட்டது. போய்த்தொலை என்று கயல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் இவரும் ஆராதனைக்குப் போனோம். கயல், அவள் தம்பி முத்து, பெனிட்டா மூன்று பேரும் அலையில் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் உறவினர்கள் நிறைந்திருந்த கூடத்தில் இவர் சொன்னார்: கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள். அதற்குப்பின் இந்த வீட்டில் அவள் பெயரை நாங்கள் சொன்னதில்லை.

பவுனு டீ போட்டுக் கொடுத்தாள். நான் வகுப்பில் சொன்னதை அவளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது நடக்கலன்னா என் புள்ளைங்க எங்கக்கா இருக்கும்?" என்றாள்.



அவளே சொன்னாள். தினமும் படுக்கும்போது அந்தப் பேழையை நினைத்துக்கொள்வாளாம். அதில் மாடு, ஆடு, மயில் எல்லாம் இருக்குமாம். முத்துவுக்கு மயில் பிடிக்கும். "மூணு பேரையும் நான் ஏத்தி வச்சிருக்கேன். ஒங்க பொண்ணயும் சேத்துத்தான். அந்தக் கதவு மூடவே இல்லன்னு வச்சுக்கிட்டேன்."

அப்படி எழுதியிருக்கவில்லையே பவுனு, கதவை மூடியதாகத்தானே எழுதியிருக்கிறது என்றேன்.

"எழுதியிருக்கட்டும். எனக்கு அப்படித்தான்."

நான் இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு மாதமாகத்தான் தைரியம் வந்து கதை என்கிறேன். இவள் யாரிடமும் கேட்காமல் அந்தக் கதையைப் பிரித்துத் தனக்கு வேண்டியபடி கட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாக அதற்குள் குடியிருக்கிறாள்.

அப்புறம் அவள் குரலை உயர்த்தாமல் இன்னொன்று சொன்னாள். அன்று காலை அவள் கடைத்தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். சனங்கள் ஓடிவருவதைப் பார்த்து மேட்டைப் பார்த்து ஓடினாள். "கோயில் கதவ நான் தட்டினேங்க்கா. இன்னும் ஏழெட்டுப் பேரு தட்டினாங்க. உள்ள பாட்டுச் சத்தம் நின்னு போச்சு. யாரும் தொறக்கல. வேற எடம் தேடிக் கீழ எறங்கி ஓடுறதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. நான் காம்பவுண்டு கேட் தூணக் கட்டிக்கிட்டேன். மத்தவங்கள்ல ரெண்டு பேரத்தான் அப்புறம் பாத்தேன்."

அப்படியிருந்தும் ஏன் இந்த ஆலயத்துக்கே வந்தாய் என்று கேட்டேன்.

"உள்ள அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு வந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். அந்தக் கதவை உள்ளேயிருந்து தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் வருகிறது, மூடுங்கள் என்று யாரோ கத்தினார்கள். ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். தட்டுகிற சத்தம் என் முதுகில் கேட்டது. தாழ்ப்பாளைப் போட்டது இவர்.

பவுனு என்னையே பார்த்தாள். எழுந்துபோய் அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்தாள். இதை எல்லோருக்கும் சொல்லப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். சட்டியை மூடிவிட்டு, "ஒங்க கதவ நீங்க சொல்லிக்குங்க. என் பேர இழுக்காதீங்க" என்றாள்.

வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

டிசம்பர் 9, திங்கள்

வேலைக்குப் போனேன். சர்க்கரை மாத்திரை வாங்க நூற்றுப் பத்துப் பேர்.

டிசம்பர் 15, ஞாயிறு

போதகர் வீட்டுக்கு வந்தார், என் குடையோடு. இவர் கடைக்குப் போயிருந்தார். கல்வெட்டின் நடு வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்றார். ஏன் என்று சொன்னேன். பவுனு பெயரைச் சொல்லவில்லை, மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஜெபம் செய்வதுபோலக் கண்ணை மூடியிருந்தார். பிறகு, கல் வெட்டியாகிவிட்டது, விருந்தாளிகள் வருகிறார்கள், ஜனங்களுக்கு ஆறுதல் தேவைப்படுகிற நாளில் இதைச் சொல்லி என்ன பயன் என்றார். அன்று ஆலயத்திலிருந்த ஒவ்வொருவர் பெயரையும் வாசிப்பாராம், அவரவர் சாட்சியாக எழுந்து நிற்கவேண்டுமாம். "நீங்களும் நிக்கணும் டீச்சர். மனஸ்தாபம் எல்லாம் அன்னைக்கு முடிஞ்சுடும்."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 25, புதன்

ஆராதனை. கேக். பக்கத்து வீடுகளுக்கு முறுக்கு. சாப்பிடும்போது, நாளைக்கு வருகிறாயா என்று இவர் கேட்டார். பதினான்கு வருஷமும் 26-ஆம் தேதி நான் விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போய்விடுவேன், இவர் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். இந்த முறை இரண்டு பேரும் ஊரில்.

வருகிறேன் என்றேன். எதுவும் பேசிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார். வாயால் கேட்டிருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பேன்.

டிசம்பர் 26, வியாழன்

சூரிய கிரகணம். சுனாமி நாளில் கிரகணம் என்பதால் மறுபடி கடல் ஏறும் என்று ஊரெல்லாம் பேச்சு. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கிரகணம் முடிந்து ஆராதனையை வைக்கலாமே என்று சிலர் கேட்டதற்கு, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று போதகர் அறிவித்துவிட்டார். ஒன்பது மணிக்கு வெயில் நிறம் மாறி, வெளிச்சம் சோகை பிடித்ததுபோல் ஆனது. அப்படியும் ஆலயம் நிறைந்துவிட்டது.

நாடகம் நடந்தது. பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். பேழையின் கதவு மூடியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஆஷ்லின் புறா வேஷத்தில் இருந்தாள். மேடையிலிருந்து என்னைத் தேடிக் கையசைத்தாள்.

பிறகு போதகர் பட்டியலை எடுத்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அதற்குப்பின் இறந்துபோனவர்களுக்குப் பதிலாக அவர்கள் பிள்ளைகள் எழுந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் இவர் பெயர் வந்தது, எழுந்து நின்றார். அடுத்தது என் பெயர்.

நான் எழவில்லை.

கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை வாசித்தார். பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். எழுந்து பேசினால் சாட்சியாக நிற்கிறேன் என்று ஆகிவிடும். உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"நான் எழுந்திரிக்க மாட்டேன் ஐயா. அந்தக் கல்லுல தப்பு இருக்கு. கதவ அடைச்சது கர்த்தர் இல்ல. நாங்க. வெளிய ஆளுங்க தட்டிக்கிட்டு நின்னாங்க. நான் உள்ளேருந்து தள்ளினேன். என் பொண்ணு கடற்கரையில இருந்தா. தட்டினது அவளா இருந்தாலும் நான் தள்ளியிருப்பேன், யாருன்னு நான் பாக்கல. எங்க பயத்துக்குச் சாமி பேர வைக்காதீங்க."

 

பாக்கியநாதன் முன்வரிசையிலிருந்து திரும்பி, "உக்காருங்கம்மா" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து நின்ற இருபது முப்பது பேரில் பலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் காது இருந்திருக்கிறது அன்றைக்கு. போதகர் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடுவதுபோல விரலை வைத்தார். விரல் நகரவில்லை.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் குரல். "தாழ்ப்பாள் போட்டது நான்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பவுனு கடைசி வரிசையில் இருந்தாள். முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் அவள் பக்கம் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டபடி.

போதகர் பட்டியலை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். பாட்டு எதுவும் அறிவிக்கவில்லை. எல்லோரும் அமைதியாக ஜெபிப்போம் என்றார். அந்த ஒன்றை அவர் சரியாகச் செய்தார். வெளியே வந்தபோது வெயில் பழையபடி ஆகியிருந்தது. கல்வெட்டின் மேல் நீலத்துணி அப்படியே இருந்தது, யாரும் அதை விலக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் இவர், அன்றைக்கு நம் கூடத்தில் நான் சொன்னது என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. பதினைந்து வருஷம் அந்த வாக்கியத்தைச் சுமந்தவள் நான். அதன் மிச்சத்தை அவரே சொல்லி முடிக்கட்டும் என்று நடந்தேன்.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது முடித்தார். "தாழ்ப்பாள் போட்ட கை என் கைன்னு தாங்க முடியல. பழியத் தூக்கி உம்மேல போட்டுட்டேன், ஹெப்சி."

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பரவாயில்லை இல்லை.

"ஆமா, போட்டீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, பெனிட்டா என்றார். வேறெதுவும் இல்லை, பெயர் மட்டும். சொல்லிப் பார்ப்பதுபோல.

டிசம்பர் 29, ஞாயிறு

கமிட்டியிலிருந்து எனக்குக் கடிதம். சபைக்கு அவமானம் உண்டாக்கியதற்கு ஒரு வாரத்தில் மன்னிப்பு எழுதித் தரவேண்டும், தரும்வரை ஆலய வளாகத்தில் எந்தப் பொறுப்பும் கிடையாது. கடிதத்தின் அடியில் நாலு பேர் கையெழுத்து. போதகர் கையெழுத்து இல்லை, இவருடையதும் இல்லை. எழுதித் தரமாட்டேன்.

ஆராதனைக்கு எப்போதும்போல் போனேன். யாரும் தடுக்கவில்லை, இரண்டு பேர் பக்கத்தில் உட்காரவில்லை. மாலை நாலு மணிக்குப் பவுனு வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். அவள்தான் கேட்டாள், அவள்தான் பாய் போட்டாள். நான் சொல்லும்போது இரண்டு இடத்தில் குறுக்கிட்டு, அப்படி இல்லை என்றாள். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

திரும்பி வந்தபோது இவர் சாப்பாட்டு மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கமிட்டியிலிருந்து விலகல் கடிதம். விலகும்படி நான் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். கதவைப் பற்றி நாலு வரி, மகளைப் பற்றி ஒரு வரி. வாசித்துப் பார் என்று என் பக்கம் நகர்த்தினார்.

வாசித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.